சஹனில் மிஞ்சியது

கதீஜாவின் சிறுநீரகம் அவருடைய கணவருக்குப் பொருந்தும் என்று மருத்துவமனை சொன்ன அன்றே, அவருடைய எடை பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. அப்போது கதீஜாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. எடை எண்பத்தாறு கிலோ. எழுபதுக்குக் கீழே வந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். பட்டினி கிடந்து குறைப்பதை அவர் ஏற்கவில்லை. உடன் இருந்த தாதி அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "மெதுவா இறங்கணும் ஆன்ட்டி. திரும்ப ஏறாத மாதிரி இறங்கணும்."

கணவர் ஒலி முகம்மது, சிராங்கூன் சாலையில் பயணப்பெட்டிகள் விற்றவர். சிறுநீரகங்கள் செயலிழந்த பின் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்து நாற்காலியில் கிடந்தார். எத்தனை ஆண்டுகள் அப்படித் தாங்குவார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

கதீஜா தேநீரிலிருந்து தொடங்கினார். மார்சிலிங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே கடை வைத்திருந்த ரிஸ்வானிடம், கெட்டிப்பாலும் சீனியும் போட்ட தேநீரைத்தான் அவர் எப்போதும் வாங்குவார். பாலை விட்டார், பிறகு சீனியைப் பாதியாக்கினார், பல மாதங்கள் கழித்து 'கொசோங்' என்றார், அதாவது சீனியே வேண்டாம்.

"என்னக்கா, சீனி வெல ஏறிடுச்சுன்னு கோவமா?"

"சீனி எங்க ஏறுச்சு? நான்தான் ஏறிட்டேன் தம்பி. இறங்கிட்டு இருக்கேன் லா."

சந்தைக்குப் போகையில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி நடந்தார். வீடு திரும்புகையில் இரண்டு மாடி கீழேயே மின்தூக்கியை விட்டு வெளியேறிப் படியேறினார். சாப்பிட்டவுடன் படுக்கும் வழக்கத்தை மாற்றி, கை கழுவியதும் நடக்கப் போனார். நோன்புப் பெருநாள் விருந்துகளில் எடை ஏறியது. அடுத்த மாதங்களில் மீண்டும் இறங்கியது. சில மாதங்கள் அசையவே இல்லை. ஆனாலும் முதல் ஆண்டின் முடிவில் பழைய சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

உணவில்தான் சிக்கல் வந்தது. கதீஜாவுக்குச் சொல்லப்பட்டவை சிவப்பரிசி, கீரை, தக்காளி, பழம். ஒலி முகம்மதுக்கு விலக்கப்பட்டவையும் ஏறக்குறைய அவையே. அவற்றிலுள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால், அது ரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும். எனவே இரண்டு சட்டி, இரண்டு தட்டு என்றானது.

கீழக்கரை வழிவந்த அவர்கள் குடும்பங்களில், ஒரே பெரிய தட்டில் சேர்ந்து உண்பது வழக்கம். அத்தட்டின் பெயர் சஹன். திருமண நாள் தொட்டு அவ்விருவரும் ஒரே சஹனில்தான் சாப்பிட்டு வந்தனர். தனித்தட்டு வந்தபின் ஒலி முகம்மது சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டார். உடல் வற்றியது, டயாலிசிஸ் தாதி கண்டித்தார்.

"ஏங்க, ரெண்டு வாயாச்சும் சாப்பிடுங்களேன்."

"தனித்தட்டப் பாத்தா ஆஸ்பத்திரியில கெடக்குற மாதிரியே இருக்கு புள்ள. எறங்க மாட்டேங்குது."

ஒரு வெள்ளிக்கிழமை கதீஜா சஹனை மீண்டும் எடுத்தார். ஒரு பக்கம் வெள்ளைச் சோறு, மறுபக்கம் சிவப்பரிசியும் கீரையும், நடுவே வேகவைத்த முட்டைக்கோஸால் ஒரு வரப்பு. ஒலி முகம்மது நெடுநாளுக்குப் பின் சிரித்தார்.

"இது காஸ்வே பாலம், நாட்டு எல்லை. என் பக்கம் உட்லண்ட்ஸ், ஒன் பக்கம் ஜொகூர். பாஸ்போர்ட் இல்லாம கை வராது, பயப்படாதே."

அதே காலத்தில் கதீஜா கற்ற கடைசிப் பழக்கம், வயிறு நிறையும் முன் நிறுத்துவது. கால் பங்கு எப்போதும் மிஞ்சியது. ஆனால் சஹனில் உணவை மிச்சம் வைப்பது அவர்களிடையே தகாத செயல். கடைசியாக எழுபவர் வழித்துத் தின்றுவிட வேண்டும். முதல் சில நாள்கள் கதீஜா எழ முடியாமல் தயங்கினார்.

"நீ எந்திரிச்சு நடக்கப் போ. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்," என்றார் ஒலி முகம்மது. டப்பாவில் எடுத்து வைப்பார் என்று கதீஜா எண்ணினார். திரும்பி வரும்போது சஹன் கழுவிக் கவிழ்த்திருக்கும். கணவர் முகத்தில் சற்றே தெளிவும் வந்திருந்தது. "வாப்பாக்குப் பசி வந்துடுச்சுடி," என்று ஜூரோங்கில் இருந்த மகள் ஹனீனிடம் கதீஜா தொலைபேசியில் மகிழ்ந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதே என்று தாதி கேட்டபோது, பள்ளிவாசலில் யாரோ கொடுத்த பேரீச்சம்பழம் என்றார் ஒலி முகம்மது. கதீஜா பேரீச்சம்பழத்தைத் திட்டித் தீர்த்தார்.

எழுபதுக்கு ஒரு கிலோதான் பாக்கி இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் ஹனீன் வந்தபோது உம்மா நடக்கப் போயிருந்தார். வாப்பா முருங்கைக்கீரையை வழித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"வாப்பா! அது உம்மா பக்கம்!"

"சத்தம் போடாதே. நான் எடுக்கலேன்னா, மிச்சம் வைக்கிறது பாவம்னு அவ திரும்ப உக்காந்து தின்னுடுவா. எட எப்படி எறங்கும்? அவ எறங்குனாத்தான் எனக்கு வாழ்வு. இன்னும் கொஞ்ச நாள் லா."

இனிமேல் தொடமாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, உம்மாவிடம் சொல்லாமல் திரும்பினார் ஹனீன். அடுத்த டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமை. திங்கள் விடியலில் தொழுகைக்கு எழுந்த ஒலி முகம்மது, குளியலறை வாசலில் சாய்ந்தார். மருத்துவமனை சேரும்முன் உயிர் பிரிந்திருந்தது. இதயம் முன்பே பலவீனம், ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஹனீன் அழுதபடி ஞாயிறு கண்டதைச் சொன்னார். கதீஜா அதன்பின் மருத்துவரிடம் எதையும் கேட்கவில்லை. தாம் உண்ணாமல் விட்ட ஒவ்வொரு வாயும் எங்கே போனது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள். நடை நின்றது. உறவினர்கள் நெய்ச்சோறும் வட்டிலப்பமும் கொண்டுவந்து குவித்தனர். இத்தா முடிந்து மருந்து வாங்க அரசாங்க மருந்தகத்துக்குப் போன அன்று எடை பார்த்தார்கள்: அறுபத்தெட்டு. ஏதும் அறியாத தாதிப்பெண், "வாவ், சூப்பர் ஆன்ட்டி!" என்று பாராட்டினார்.

அன்றே ரிஸ்வானிடம் பாலும் சீனியும் போட்டுத் தேநீர் கேட்டார் கதீஜா. ரிஸ்வான் கலந்து கொடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இப்போது ஹனீன் வாரந்தோறும் வந்து உம்மாவுடன் அமர்கிறார்.

"உம்மா, இன்னும் ரெண்டு வாய்."

"வயிறு கேக்கலடி. நிறுத்திப் பழகிடுச்சு."

சிறிய தட்டில் கால் பங்கு மிஞ்சிக் கிடக்கிறது. நடக்கப் போக வேண்டிய நேரத்திலும் கதீஜா எழுவதில்லை. எச்சில் கை காய்ந்து போகும்வரை, அந்த மிச்சத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.