பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு வீடு

திருப்பதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் விலாசம் சொல்லும் முறை எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் போனில் கதவு எண்ணைக் கேட்கமாட்டார். வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியின் பேருந்தில் ஏறும் என்றுதான் கேட்பார். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஐந்தாறு பேருந்துகள் வரிசையாக வந்து நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். எந்தப் பேருந்தில் பிள்ளை ஏறுகிறது என்பதை வைத்தே அந்த வீட்டைப் பற்றித் தெரு முழுவதும் ஒரு முடிவுக்கு வந்துவிடும். விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் வீடு தேடி வருகிறவர் இன்னாருடைய மகள் வீடு எது என்று கேட்பார். இங்கே வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. என் அப்பாவின் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம், மாநிலம்கூட மாறவில்லை, இதெல்லாம் ஒரு புலம்பெயர்வா என்று நீங்கள் சிரிக்கலாம். எல்லையோரத்துத் தமிழ் வீட்டில் பிறந்து, பத்தாவது வரை தமிழிலேயே படித்துவிட்டு, லேப் டெக்னீஷியன் படிப்புக்காக இந்த ஊரில் இறங்கிய முதல் நாள், பேருந்தின் தெலுங்குப் பலகையைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. கடல் தாண்டியவர்கள் சொல்வது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

போன தை மாதத்தில் வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். என் கணவர் செந்தில் திருத்தணிக்காரர். ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மகள் தாரணி ஜூனில் நாலாம் வகுப்புக்குப் போகவேண்டும். வீடும் பள்ளியும் ஒன்றாக முடிவாக வேண்டியிருந்தது.

முதலில் பார்த்தது ஊரின் புதிய பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு. கூட்டிப்போன புரோக்கர் சுவரைக் காட்டவில்லை, தண்ணீரைக் காட்டவில்லை. நேரே பால்கனிக்கு அழைத்துப்போய், "படி பக்கனே உந்தி சார்" என்றார். தெலுங்கில் படி என்றால் பள்ளிக்கூடம், அது பக்கத்திலேயே இருக்கிறது என்கிறார். செந்திலுக்குப் படிக்கட்டு என்று கேட்டிருக்கிறது. "படி பக்கத்துல இருந்தா சரி. லிஃப்ட் இருக்குதா?" என்றார். புரோக்கர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். கீழே, ஐந்து நிமிட நடையில், நாலு மாடிப் பள்ளி ஒன்று கண்ணாடி முகப்போடு நின்றுகொண்டிருந்தது. "ரீசேல் பாகுண்டுந்தி மேடம், ரேபு அம்மினா கூட" என்று அவர் மூன்று முறை சொன்னார். நாளைக்கு விற்றாலும் நல்ல விலை போகுமாம். இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் என் வீட்டை யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கும் போனோம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் செந்தில் தமக்குத் தெரிந்த தெலுங்கில், "வருஷம் எந்த?" என்றார். ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் என்பது அவர் கேள்வி. தெலுங்கில் வர்ஷம் என்றால் மழை. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, எவ்வளவு மழை பெய்தாலும் பேருந்து வீட்டு வாசலுக்கே வரும் என்று உறுதி கொடுத்தாள். நான் ஒரு வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெற்றோருக்கு அனுமதி இல்லை என்று சொல்லி, சுவர் முழுக்க ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்களைக் காட்டினாள். நூறு முகங்களாவது இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே சட்டை. நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்கள் போலிருக்கிறது. ஆனால் எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

செந்திலின் மனம் வேறிடத்தில் இருந்தது. நகரியில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருந்தது. ரயிலேறினால் ரேணிகுண்டா, எதிர்த்திசையில் திருத்தணி, அவருடைய அம்மா வீடு. தெருவில் பாதிப் பேர் தமிழ். அங்கே ஒரு பள்ளியில் தமிழ்ப் பிரிவு இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். நாலாம் வகுப்பு டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். "உள்ள வந்து உக்காருங்க, பாடம் பாதில இருக்குது" என்றார். ஆறு பிள்ளைகள். ஒரு பெண் கழித்தல் கணக்கில் தப்பான விடை சொன்னாள். டீச்சர் அதைத் திருத்தவில்லை. அந்த விடை எப்படி வந்தது என்று மற்ற ஐந்து பேரையும் கண்டுபிடிக்கச் சொன்னார். கடைசியில் அந்தப் பெண்ணே எழுந்துபோய்க் கரும்பலகையில் தன் தப்பைக் கண்டுபிடித்து வட்டமிட்டாள். நான் எந்த வகுப்பிலும் அப்படி உட்கார்ந்ததில்லை.

வெளியே வந்ததும் செந்தில் கேட்டார். "இந்த செக்‌ஷன் தொடர்ந்து இருக்குமா டீச்சர்?"

"உங்க பொண்ணு வந்தா ஏழு பேரு. அடுத்த வருஷம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதுங்க. இருக்கும்னு சொல்லி உங்கள வீடு வாங்க வெச்சிட்டு, அப்புறம் யாரு பதில் சொல்றது?"

தெரிந்துகொள்ளும் ஆசையில் நான் கேட்டுவிட்டேன். "உங்க பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?"

அவர் சுண்ணாம்புத்தூள் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "திருப்பதிலதான். ஹாஸ்டல்ல." பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் போலிருந்தது. திரும்பும் ரயிலில் செந்தில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். நகரி வீட்டைப் பற்றி அதன் பிறகு அவர் பேச்செடுக்கவில்லை.

ஆனால் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. நல்ல வகுப்பை என் கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்கவிடாத வகுப்பின் பக்கத்தில் வீடு வாங்குவது என்ன நியாயம்? விற்கும் விலையை நினைத்துக்கொண்டு ஒருவர் குடியேறலாமா? இதையெல்லாம் யோசிக்கும்போது நைனாவின் ஞாபகம் வந்தது. என் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் அடுத்தவர் நிலத்தில் கடலைக்கொடி பிடுங்கிய கூலிக்காரர். ஊரில் வீட்டுமனைப் பட்டா கொடுத்தபோது எல்லோரும் ஏரிப் பக்கம் நிழலாக இருக்கும் மனையைக் கேட்டார்கள். நைனா மட்டும் லாரிப் புழுதி விழும் ரோட்டோர மனையைக் கேட்டு வாங்கினார். ஊரே சிரித்தது. ஆறு வருடம் எங்கள் சோற்றில் புழுதி இருந்தது. பிறகு ரோடு அகலமானது. ஒரு டயர் கடைக்காரர் தேடி வந்து அந்த மனையைக் கேட்டார். நைனா விற்றார். அதில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ரீசேல் என்ற சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலையே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாத்துக்கு இம்மாம் யோசிச்சிக்கினு கீற?" என்றார். "வித்தா போற எடத்துல வாங்கு."

"வித்தப்போ உனக்கு வலிக்கலயா நைனா?"

"வலிக்காம? இப்பக்கூட பஸ்ல அந்தப் பக்கம் போவசொல்ல மூஞ்சிய திருப்பிக்கினுதான் போறேன். ஆனா நீ ஆஸ்பத்திரில கை நடுங்காம ரத்தம் எடுக்கிறேல்ல. நான் வித்த எடம் அதுதான்னு நெனச்சிக்குவேன்."

நாங்கள் திருப்பதி வீட்டையே வாங்கினோம். தாரணியை அந்தக் கண்ணாடிப் பள்ளியில் சேர்த்தோம். அவளுக்குப் பிடித்திருக்கிறது. கணக்கில் தப்பு செய்துவிட்டு வந்தால் அது எப்படி வந்தது என்று நான் அவளையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். பாதி நாள் எனக்கே தெரிவதில்லை. இரண்டு பேரும் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம். சரியாகத்தான் முடிவெடுத்தோமா என்றால், இன்றுவரை தெரியாது. அந்த ஆறு பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்திருக்கிறேன். கேட்கவில்லை.

பத்திரம் பதிந்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பதிவு அலுவலகத்தில் கூட்டம். எங்கள் முறை வரும்வரை தாரணி பெஞ்சில் உட்கார்ந்து பத்திரத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்கத் தெலுங்கு. தூர்ப்பு, படமர என்று கிழக்கு, மேற்கில் தொடங்கி வீட்டின் நான்கு எல்லைகளையும் தடங்கலில்லாமல் படித்தாள். செந்தில் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பிறகு அழைத்தார்கள். பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். தாரணி அப்பாவின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நான்னா, இது என்ன எழுதி இருக்குது?"

"என் பேருதாம்மா."

அவள் அந்த நான்கெழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மை காயாமல் இருந்தது. அவர் வாங்கிய வீட்டை அவள் படித்துச் சொன்னாள். அவள் அப்பாவின் பெயரை நான் படித்துச் சொன்னேன்.