மஞ்சள் நூல் கட்டிய ஆடாதோடை

எங்கள் தெருவுக்குப் பின்னால் குளத்துக்கரை நெடுக வளர்ந்திருந்த புதரை அழிக்கப் போவதாக, ஒரு மார்கழி மாதம் பஞ்சாயத்து மெம்பர் கூட்டம் போட்டுச் சொன்னார். கடைவீதியில் பெரிய துணிக்கடை அவருடையது. எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் புதரைக் கண்டு முகம் சுளிக்கிறார்களாம். எல்லாவற்றையும் வேரோடு வெட்டிவிட்டு, முள்கம்பி கட்டி, பாண்டிச்சேரியிலிருந்து குரோட்டன்ஸ் கொண்டுவந்து வைப்பாராம். இலை பல நிறத்தில் இருக்குமாம், ஆடுகூட வாய் வைக்காதாம். அதைத்தான் பெருமையாகச் சொன்னார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்குதா?" என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே பேச்சு வராது.

மற்றவர்கள் பேசாததற்குக் காரணம் வேறு. மருந்துக்கு இலை பறிப்பதென்றால் பொழுது விடியுமுன் போக வேண்டும், யாரிடமும் பேசக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் மருந்துக்கு வீரியம் போய்விடும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் தாங்கள் மட்டும்தான் அந்தப் புதருக்குப் போகிறோம் என்று நினைத்திருந்தார்கள். தங்கள் ஒரு வீட்டுக்காக மெம்பரை எப்படி எதிர்ப்பது?

எனக்கு மட்டும் எல்லோரையும் தெரியும். மண்டிக்குக் கருக்கலிலேயே போகிறவன் நான், குளத்துக்கரைதான் வழி. தலையைக் குனிந்துகொண்டு போகிறவனை யாரும் ஒரு ஆளாக நினைப்பதில்லை. தையல்கார பாய் தன் மனைவியின் தலைபாரத்துக்கு நொச்சி ஒடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் பசி எடுக்கவில்லை என்று பிரண்டை கிள்ளுவார். மெம்பர் வீட்டுச் சமையல்காரர் துத்தி இலை பறித்துத் துண்டில் மறைத்துக்கொண்டு போவார். துத்தி மூலத்துக்கு என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்கு ஆடாதோடை. பனிக்காலம் வந்தால் என் மனைவிக்கு இரைப்பு வரும். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்து பாதி மாதத்துக்குக்கூட வராது. மீதி நாளெல்லாம் ஆடாதோடைக் கஷாயம்தான் அவளைப் படுத்துத் தூங்க வைக்கும். அது போனால் அவள் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்க வேண்டியதுதான். குரோட்டன்ஸைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா?

கூட்டத்திலிருந்து வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் இரைப்போடு எழுந்து உட்கார்ந்தாள்.

"பேசத்தான் வரல ஒங்களுக்கு. பேசாம செய்யறது எதுனா இருந்தா அதயாவது செய்யுங்க" என்றாள்.

அப்படி ஒன்று இருந்தது. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பதாக இருந்தால், முதலில் அந்தச் செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். கட்டிய செடியில் வேறு யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். வைத்தால் நோயாளிக்கு ஆகாது. கட்டியவன் மருந்து எடுக்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. என்னைப் போன்றவனுக்காகவே ஏற்படுத்திய வழக்கம்.

பாயிடம் போய் விஷயத்தையும், எந்தச் செடி யாருக்கு என்பதையும் சொல்லி நூல் கேட்டேன். ஒரு கண்டு முழுவதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். மனைவி அதை மஞ்சளில் நனைத்துக் காயவைத்தாள். மறுநாள் சாயங்காலம் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டினேன். ஊரை ஏமாற்றுகிறோமோ என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு நோயாளி உண்மையிலேயே இருந்தார். அவரை மனதில் நினைத்துத்தான் ஒவ்வொரு முடிச்சும் போட்டேன். துத்திக்குக் கட்டும்போது மெம்பரை நினைத்துக்கொண்டேன்.

வெட்டுவதற்கு அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"காப்புக் கட்டியிருக்குது. எங்களால ஆவாது" என்றார்.

மெம்பருக்குக் கோபம் வந்துவிட்டது. எவன் கட்டினான் என்று கேட்டார். தெருவே கூடியிருந்தது. நான் போய் ஆடாதோடைக்கு முன்னால் நின்றேன். அங்கிருந்து நகரவில்லை.

"நீயா? இன்னாய்யா இது வேல? எவனுக்கு இன்னா நோவு? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். பிறந்ததிலிருந்து யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"கட்டுனவரு பேசக்கூடாதுங்க. மருந்து எடுக்கற வரைக்கும் அவர நீங்க கேக்கவும் கூடாது" என்றார் மேஸ்திரி.

"இவனுங்களுக்கு நான் பயந்துருவனா" என்று மெம்பர் கை நீட்டிப் பக்கத்திலிருந்த செடியின் நூலை அறுக்கப் போனார்.

பாய் மெதுவாகச் சொன்னார்: "அது துத்தி, மெம்பரே. பாத்து. அறுத்தா யாருக்கு ஆகாதோ?"

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. மெம்பருக்குப் பின்னால் நின்ற சமையல்காரர் குளத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். மெம்பரின் கை நூலைத் தொடாமலே இறங்கியது. பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலுக்குள் நான் கட்டாத நூல்களும் அங்கே வந்துவிட்டன. சிலது மஞ்சள்கூட இல்லை. லுங்கிக் கரையைக் கிழித்துக் கட்டியது ஒன்று இருந்தது. மெம்பர் திரும்பவும் ஆட்களைத் தேடினார். காப்புக் கட்டிய கரை என்று தெரிந்ததும் ஒருவரும் வரவில்லை. குரோட்டன்ஸ் வந்து அவர் கடை வாசலில் தொட்டியில் நிற்கிறது. நிற்கட்டும்.

இப்போது எல்லோரும் பகலிலேயே பறிக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் "யாருக்கு? இப்ப எப்டி இருக்குது?" என்று விசாரிக்கிறார்கள். வீரியம் ஒன்றும் குறையவில்லை. என் மனைவி படுத்துத்தான் தூங்குகிறாள்.

கஷாயத்துக்கு மற்ற செடிகளில் பறித்துக்கொள்கிறேன். அன்று முன்னால் நின்றேனே, அந்த ஒரு ஆடாதோடையை மட்டும் தொடுவதில்லை. நூல் இற்றுப்போனால் புது நூல் கட்டிவிடுவேன். மெம்பர் எதிரே வந்தால், "இன்னாய்யா, மருந்து எடுத்துட்டியா?" என்று கேட்பார். நான் நின்று, அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் போவேன். அந்தச் செடியில் மருந்துதான் இன்னும் எடுக்கவில்லையே.