கேரவனில் வெந்நீர் வராததற்கு நாலு காரணங்கள்

மே மாதம் குழாயைத் திறந்தாலே கை சுடுகிற ஊரில், வண்டிக்குள் வெந்நீர் வரவைப்பதுதான் என் தொழில். பதினெட்டு வருடம் ஜெர்மனியில் கேரவன் ஹீட்டர்களைப் பிரித்து மாட்டிவிட்டு, அதே திருப்புளிகளோடு பூந்தமல்லிக்கு வந்து ஷெட் போட்டேன். அங்கே ஹீட்டர் எரியவில்லை என்றால் ஹீட்டரைப் பார்ப்பார்கள். இங்கே வேறெதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதமும் குணசேகரனின் வண்டியும் தேவைப்பட்டன. கீசரை நம்பித் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு, ஜில்லென்று தண்ணீர் கொட்ட, கண்ணைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? நீங்களும் நம்ம கட்சிதான்.

குணா அம்பத்தூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு, படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ள கேரவன் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டவர். வங்கியில் வேலை பார்க்கும் அவர் மனைவி சுமதி ஒரு கெடு வைத்திருந்தார். பொங்கலுக்குள் வண்டி புகார் இல்லாமல் ஓட வேண்டும். இல்லையென்றால் அதை விற்றுவிட்டு குணா மறுபடி லேப்டாப் பையை மாட்டிக்கொள்ள வேண்டும்.

சட்னி

முதல் பயணம் ஏலகிரி. சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் ஹீட்டர் பற்றவில்லை என்று திரும்பி வந்தார்கள். எரிவது கேஸில்தான், ஆனால் பற்றவைக்கும் பொறிக்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி செத்துக் கிடந்தது. எட்டுப் பேருக்கு மிக்ஸியில் சட்னி அரைத்திருக்கிறார்கள். தேங்காய் ஒன்று, தக்காளி ஒன்று, புதினா ஒன்று.

மிக்ஸி போடக்கூடாது என்று நானே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தேன். அந்தத் தாளை நாலாக மடித்து, மிக்ஸி ஆடாமலிருக்க அடியில் கொடுத்திருந்தார்கள். டிரைவர் ஏகாம்பரம், பட்டாபிராம்காரர், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குளிக்காம கூட ஊர சுத்திப் பாத்துக்கலாம் சார். சட்னி இல்லாம இட்லிய எப்டி துன்றது?"

சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் மறுபடி அதே புகார். ஹீட்டர் காற்று இழுக்க, வண்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்ட மூடி ஒன்று உண்டு. பன்னிரண்டு ஓட்டை. பன்னிரண்டிலும் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். ஸ்டியரிங்குக்குக்கூட இவ்வளவு கவனமாக யாரும் பொட்டு வைத்ததில்லை. மூச்சு முட்டிய ஹீட்டர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

பல்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாக நோண்டிக்கொண்டே, காற்றும் நெருப்பும் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். முழுவதையும் பணிவாகக் கேட்ட குணா சொன்னார்: "பாக்கறதுக்கு அதுவும் ஒரு மூஞ்சி மாதிரியே இருந்துச்சு சார். வெறும் நெத்தியா விட மனசு வரல."

குளிர்

டிசம்பரில் ஊட்டி. காலை ஆறு மணிக்கு ஏகாம்பரம் போன் செய்தார். "சார், டாங்கி தண்ணி மொத்தமும் கீழ ஊத்திக்கினு கீது." அது ஓட்டை அல்ல. வண்டிக்குள் குளிர் அளவுக்கு மீறினால், தண்ணீர் உறைந்து தொட்டி வெடிக்காமலிருக்க ஒரு வால்வு தானாகத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். ரூம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அது திறக்கவே திறக்காது.

அப்படியென்றால் ஹீட்டரை அணைத்தது யார்? வாடகைக்கு எடுத்த ஆவடிக்காரர்தான். அணைத்ததோடு, நாலு ஜன்னலையும் திறந்து வைத்துக் குடும்பத்தோடு தூங்கியிருக்கிறார். 'வெந்நீர் வராத வண்டி' என்று பிறகு இணையத்தில் ஊருக்கெல்லாம் எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்ட அந்த மனிதர், அன்று காலை போனை வாங்கி என்னிடம் கேட்டார்: "குளுருக்குன்னு இவ்ளோ தூரம் வந்துட்டு ஹீட்டர் போடணும்னா, நான் ஆவடிலயே இருந்திருக்க மாட்டேனா?"

குளவி

பொங்கலுக்கு ஒரு வாரம். கொடைக்கானலுக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் மறுநாள் கிளம்புகிறது. இதிலும் புகார் வந்தால் வண்டி போய்விடும் என்பதால், வங்கியிலிருந்து சுமதியே நேராக ஷெட்டுக்கு வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன். பற்றவில்லை. புகை போகும் குழாய்க்குள் டார்ச் அடித்தால், வாயை அடைத்துக்கொண்டு குளவிக்கூடு. மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது.

திருப்புளியை நீட்டிய என் கையை ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். "கலைக்காத சார். குளவி கூடு கட்னா ஊட்ல கொழந்த வரும்." குணாவுக்கும் சுமதிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம். பத்து வருடம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிய குணா மெதுவாகக் கேட்டார், "புகை வேற வழியா போற மாதிரி ஏதாவது பண்ண முடியாதா சார்?" புகை வெளியே போகாவிட்டால் உள்ளே படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். விளக்கினேனே தவிர, உண்மையைச் சொன்னால், ஜெர்மனியில் பதினெட்டு வருடம் இருந்த என் கையும் அதற்கு மேல் நீளவில்லை.

சுமதி என் கையிலிருந்து திருப்புளியை வாங்கினார். நாலு குத்து. மண் பொலபொலவென்று அவர் புடவையில் உதிர்ந்தது. அவரே சுவிட்சைப் போட்டார். பற்றியது. தண்ணீர் காயும்வரை வண்டிக்குள்ளேயே நின்றார். வண்டிக் குழாயைத் திறந்து, ஆவி பறக்கும் வெந்நீரில் விரல் விரலாக மண்ணைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "ஒம்பது வருஷத்துல எல்லா டாக்டரையும் பாத்தாச்சு, இந்தக் குளவி ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு இதுல ஒரு கைக்கொழந்தை தூங்கப் போகுது. மொதல்ல அது மூச்சு விடட்டும்."

பொங்கல் கழிந்தும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அந்த ஹீட்டரில் நான் இதுவரை மாற்றிய உதிரிபாகம் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை.