பால் டின்னில் மஞ்சள் அரிசி

இசபெல் கல்யாண மேசை போடும்போது யாரும் கிட்டே போகக் கூடாது. போனால் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் அவளும் மற்றவர்களைப் போல விடியற்காலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவள்தான். ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் எல்லாரையும் வேலை வாங்கும் மண்டோர்கூட அவள் காட்டிய இடத்தில்தான் நாற்காலியைப் போட வேண்டும். வேதக்காரர் வீட்டுக் கல்யாணமா, இந்து வீட்டுக் கல்யாணமா என்றெல்லாம் அவள் பார்த்ததில்லை. துணி வெளுப்பாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

அவள் அலங்காரத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. நீலம் போட்டு அலசிய வெள்ளைத் துணி, லேபிளைக் கிழித்து வெள்ளைத் தாள் சுற்றிய பால் டின்கள், கால்வாயோரம் பறித்த பெரணி இலை, ஒரு டின்னுக்கு ஒரே நிறத்தில் ஒரு கைப்பிடிப் பூ. பூ உயர்ந்து எதிரே உட்கார்ந்திருப்பவன் முகத்தை மறைத்தால் அது மேசையா புதரா என்று கேட்பாள். ஒருமுறை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி ஆசையாக ஜிகினாத் தாள் வாங்கிக்கொண்டு வந்தபோது, "இது தேர் இல்லம்மா, சாப்புடற எடம்" என்று முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டின் சாயாமல் நிற்க அடியில் மணல் போடுவாள். ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அரை டின் வரைக்கும் நிரப்புவாள். காம்பைக் குத்தினால் குத்தின இடத்தில் நிற்கும். பிள்ளைகள் துணியைப் பிடித்து இழுத்தாலும் டின் அசையாது. அந்த மணல்தான் அவளுக்கு ஒருநாள் எமனாக வந்தது. சரியாகச் சொன்னால், மணல் இல்லாமல் போனதுதான் எமனாக வந்தது.

அவளோடு மரம் வெட்டும் வள்ளியம்மாவின் மகள் பஞ்சாலைக்குக் கல்யாணம் கூடிவந்தபோது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, உள்ளே போக வர ஒரே வாசல். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாதென்பது சட்டம். வேலைக்குப் போகிறவர்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், சைக்கிள் சீட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். வாளிக்குள் ஒரு சின்ன அரிசிப் பொட்டலத்தோடு பிடிபட்ட அர்ச்சுனனைச் சிரம்பானுக்குக் கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை. அவன் தன் பசிக்குத்தான் கொண்டுபோனான் என்பது தோட்டத்துக்கே தெரியும். தெரிந்து என்ன செய்வது? அன்றிலிருந்து எல்லாரும் வாசலுக்கு வருமுன்பே வாளியைத் தாங்களே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை அமிர்தலிங்கம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்சர். காலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, மத்தியானத்துக்கு மேல் வேலிக்கு வெளியே ரந்தாவ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீ பார்ட்டி என்று பேச்சு. அவருடைய கூட்டாளிகள் வேலிக்குள் வந்துபோக யோசித்ததால்தான் அந்த ஏற்பாடு. கேக்கும் தேத்தண்ணியும் ரந்தாவில் தயாராகிவிடும். தோட்டத்திலிருந்து போக வேண்டியது துணி, டின், பூ, இவ்வளவுதான். ஊரடங்குக்கு முன்னால் எல்லாரும் திரும்பிவிட வேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் லாரி புறப்பட்டது. மணியம் ஓட்டினான். பின்னால் இசபெல்லும் வள்ளியம்மாவும் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் டின்களைக் கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் முன்னே போன டாக்சியை நிறுத்தி, மணமக்களை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். லாரி அதன் பின்னால் நின்றது. மலாய்க்காரப் போலீஸ் கொப்பரல் ஒருவர் கையில் நீளமான கம்பியோடு நின்றார். எதைக் கண்டாலும் அந்தக் கம்பியைச் செருகிப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஒரு டின்னில் பெரணி இலை தொங்கியிருந்தது. சரிசெய்யலாமென்று இசபெல் அதைத் தூக்கினாள். கை எதிர்பார்த்த கனம் இல்லை. டின் பொசுக்கென்று மேலே வந்துவிட்டது. காம்புகளை விலக்கி விரலை விட்டாள். விரல் நுனியில் மஞ்சள் பூசிய அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது.

"யாருக்கா இதத் தொட்டது?" என்றாள்.

வள்ளியம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நாந்தான் புள்ள. நேத்து சாயந்தரம் நீ துணிக்கு இஸ்திரிப் பொட்டி போடறப்ப, பூவ உருவிட்டு மண்ணக் கொட்டி, நெறநாழி அரிசி போட்டுத் திரும்பக் குத்திட்டேன். வெறும் அரிசி ஆகாதுன்னு மஞ்சளும் தடவிட்டேன்."

"எல்லா டின்னுலயுமா?"

"எம்மவ கல்யாண மேசையில மண்ண வெச்சா வெளங்குமா சொல்லு. வாயில மண்ணுன்னு ஊரு பேசாது? நீ திட்டுவேன்னுதான் சொல்லல. பார்ட்டி முடிஞ்சதும் அப்படியே கொண்டாந்துரலாம்லா. நாளைக்கு மறுவீட்டுக்கு மாப்ளைக்கு ஆக்கிப்போட அந்த அரிசிய விட்டா எனக்கு வேற ஏது?"

மணமேடையில் படி நிறைய அரிசி வைப்பதுதான் நிறைநாழி. மேடைக்கு ஆகிற மங்கலம் மேசைக்கும் ஆகட்டும் என்று நினைத்திருக்கிறாள். பங்கீட்டில் வந்த அரிசியைத் தின்னாமல், மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் மிச்சம் பிடித்தது அது. இசபெல்லுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது.

"நம்ம அரிசிதான புள்ள? பேசாம இருந்துருவோம்" என்றாள் வள்ளியம்மா. விஷயம் இப்போதுதான் அவளுக்கும் உறைக்க ஆரம்பித்திருந்தது.

"அர்ச்சுனனும் அவன் அரிசியத்தான்க்கா வெச்சிருந்தான். மண்ணுல குத்துனா கம்பி நிக்கும். அரிசியில நிக்குமா? கண்டுபுடிச்சுருவான்."

மணியம் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். "லாரியத் திருப்பட்டுமா?"

"வாசல்ல வந்து திருப்புனா சுடுவான். ஆடாம இரு" என்றாள் இசபெல்.

டின் இசபெல்லுடையது, அரிசி வள்ளியம்மாவுடையது. இரண்டு பேரையும்தான் போலீஸ் வண்டியில் ஏற்றுவார்கள். தாலி ஏறின அன்றைக்கே பஞ்சாலையின் தாய் ஜெயிலுக்குப் போவாள். சர்க்கார் வேலையில் இருக்கிற மாப்பிள்ளை என்ன ஆவாரோ, அவர் வீட்டார் என்ன சொல்வார்களோ. டாக்சியைத் தேடி முடித்துவிட்டார்கள். கொப்பரல் லாரிப் பக்கம் திரும்பினார்.

"மாதாவே" என்று முனகிக்கொண்டு இசபெல் டின்னோடு லாரியிலிருந்து குதித்தாள். பூவைப் பிடுங்கிக் கீழே போட்டாள். நேரே மணமக்களிடம் போய், ஒரு கை அரிசியை அள்ளி அவர்கள் தலையில் தூவினாள். "எறங்குங்கடி எல்லாரும். வாசலத் தாண்டறதுக்கு முன்ன அச்சத போடணும்ல" என்று லாரியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தாள். அச்சதை போடுகிற சடங்கு அவள் சபையில் கிடையாது. ஆனாலும் இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

"பெராஸ்?" என்றார் கொப்பரல். அரிசியா என்று கேட்கிறார். கம்பி இடது கைக்குப் போய், வலது கை துப்பாக்கி வாரைப் பிடித்தது.

ஆமாம் என்றாள் இசபெல், தனக்குத் தெரிந்த சந்தை மலாயில். கல்யாண அரிசி, வேலிக்குள்ளேயே தூவிவிட்டு வெறும் டின்னைத்தான் கொண்டுபோகப் போகிறோம் என்றாள். சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய பொய்தான். பின்னே, அந்த இடத்தில் உண்மையைச் சொல்லி எவள் பிழைத்தாள்?

"அப்படியானால் பூவுக்கு அடியில் ஏன் இருக்கிறது?" என்று அவர் கேட்டார்.

இசபெல் டின்னை அவர் பக்கம் நீட்டினாள். அவர் டின்னில் கைவிட்டு நாலு மணியை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். விரல் மஞ்சளாயிற்று. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் மணமக்கள்மேல் மஞ்சள் அரிசி தூவுவார்கள். அதை நினைத்தாரோ, வேறு எதை நினைத்தாரோ. பஞ்சாலையை ஒருமுறை பார்த்தார், லாரியிலிருந்த டின்களைப் பார்த்தார்.

"எல்லாவற்றையும் தூவுங்கள். ஒரு மணி மிச்சமிருந்தாலும் லாரி போகாது" என்றார்.

பெண்கள் பூவையும் இலையையும் லாரியில் எடுத்து வைத்துவிட்டு டின்களோடு இறங்கி வந்தார்கள். யாருக்கும் கை வரவில்லை. கிழங்கு தின்று அலுத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள், அரிசியை அள்ளி மண்ணில் போட வேண்டியிருந்தது. ஒருத்தி நாலைந்து மணியை மட்டும் போட்டாள். கொப்பரல் கம்பியால் டின்னைத் தட்டினார். அவள் மீதியையும் போட்டாள். கடைசி டின்னோடு வள்ளியம்மா வந்தாள். மகள் தலையில் மூன்று முறை தூவினாள், மாப்பிள்ளை தலையில் மூன்று முறை தூவினாள், மிச்சத்தை அவர்கள் காலடியில் கவிழ்த்தாள். பஞ்சாலை அழுதாள். புதுப்பெண் அழுவது வழக்கம்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொப்பரல் டின் டின்னாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றில் தாள் மடிப்பில் ஒரு மணி சிக்கியிருப்பதை இசபெல் பார்த்தாள். அவரும் பார்த்துவிட்டார். அதை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மணப்பெண் பக்கமாக எறிந்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

ரந்தாவ் பள்ளிக்கூட முற்றத்தில் வேண்டிய மட்டும் மண் இருந்தது. இசபெல் குனிந்து ஒரு கை அள்ளினாள், வள்ளியம்மாவின் முகத்தைப் பார்த்தாள், போட்டுவிட்டாள். டின்னே வேண்டாமென்று மூலையில் அடுக்கினாள். வெள்ளைத் துணியின் நடுவே பெரணி இலைகளை வரிசையாகப் படுக்கவைத்து, இடையிடையே ஒவ்வொரு பூவை மட்டும் வைத்தாள். சிரம்பான்காரர்கள் புது மாதிரியாக இருக்கிறதே, எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். அவள் அடுத்த பூவை எடுத்து வைத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே லாரி திரும்பிவிட்டது. வாசலைத் தாண்டியதும் வள்ளியம்மா நிறுத்தச் சொன்னாள். இறங்கி, மண்ணில் உட்கார்ந்து, பூட்ஸ் கால்கள் மிதித்துவிட்டுப் போன மஞ்சள் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, எழுந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மாப்ளைக்குக் கெழங்கா போடச் சொல்ற?"

இசபெல் தன் லயத்துக்குப் போனாள். மணல் சலிக்கிற சல்லடையோடு திரும்பி வந்தாள். வள்ளியம்மா மண்ணோடு அள்ளி அள்ளிப் போட, அவள் சலித்தாள். மண் கீழே போயிற்று, அரிசி மேலே நின்றது. சின்னக் கல்லும் அதோடு நின்றது. இருட்டு கட்டும்வரை இரண்டு பேரும் சலித்தார்கள். வாசலில் நின்ற காவல்காரரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மறுநாள் மறுவீட்டு விருந்து. இசபெல் ஒரு பெரணி இலையும் ஒரு பூவும் கொண்டுவந்து வைத்தாள், அதுதான் அலங்காரம். எத்தனை தடவை களைந்தும் மஞ்சள் போகாத சோற்றை வள்ளியம்மா வாழையிலையில் போட்டாள். அமிர்தலிங்கம் முதல் கவளத்தை வாயில் வைத்தார். கடுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

வள்ளியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எந்த மண் மகள் கல்யாணத்தில் வரக் கூடாது என்று பயந்தாளோ, அந்த மண் மாப்பிள்ளையின் வாயிலேயே வந்துவிட்டது. பஞ்சாலை தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். இசபெல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமிர்தலிங்கம் துப்பவில்லை. மென்று விழுங்கினார். இலையைப் பார்த்துக் குனிந்தபடியே, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க அத்தை" என்றார்.