அநாதை என்று எழுதப்பட்ட என் அக்காள்

என் அக்காள் புருஷனைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவரைத் திட்டக் கூடாதாம். அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் திட்டத்தான் செய்கிறேன்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் தச்சநல்லூரில் வாந்திபேதி கண்டது. அங்கேதான் அவருக்கு அரிசிக் கடை, பின்னாலேயே வீடு. நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் இருந்தோம். ஒருநாள் காலையில் அவர்கள் தெரு வண்டிக்காரர் ஒருவர் வந்து, அக்காள் போய்விட்டாள் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்டுத்தான் தூக்க வேண்டும். அப்பா ஓடிப்போய் ஒரு புதுச் சேலை வாங்கி வந்தார். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தோம்.

வாசலில் ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளை கடையில் உட்கார்ந்து அரிசி அளந்துகொண்டிருந்தார். அம்மா வாயைத் திறந்ததும் துள்ளி எழுந்து வந்தார்.

"அழாதீய அத்தை! பேதின்னு தெரிஞ்சா முனிசிபல்காரன் கடைய இழுத்து மூடிருவான். வாசல்ல வந்து விழுந்த அநாதைன்னு எழுதிக் குடுத்து அவன் வண்டியில ஏத்தி விட்டுட்டேன்."

வண்டி போன இடத்துக்கு ஓடினோம். ஊருக்கு வெளியே பொட்டலில் நீளமாக ஒரே குழி. உள்ளே சுண்ணாம்பைக் கொட்டி, மண்ணைப் பாதி தள்ளியிருந்தார்கள். காவல் சேவகன் அக்காள் பேரைக் கேட்டு நோட்டைப் பார்த்தான்.

"அப்படி ஒரு பேரே இல்ல. இன்னைக்கு வந்ததுல பொம்பள ஒண்ணுதான், அதுவும் அநாதை. அநாதைக்குக் கோடியா வே?"

"எம் மவய்யா அவ" என்றார் அப்பா.

"அப்ப அவ புருசனைக் கூட்டிட்டு வாரும். அவரு வந்து சொல்லட்டும்."

அவரா வருவார்? கோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அப்பா திரும்பினார். வீட்டிலும் அழக் கூடாது என்று அம்மாவை அடக்கினார். பேதி வீடு என்று பேர் வந்துவிட்டால் இளையவளை யார் கட்டுவார்கள் என்பது அவர் கவலை. அந்த இளையவள் நான்தான். அப்பா மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்? பதினாறாம் நாள் விசேஷமும் நடக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சோறு வடித்தாள்.

நாலு மாதம் கழித்து அவர் இரண்டு பெரிய மனிதர்களோடு வெற்றிலைத் தட்டு ஏந்தி வந்தார். மூத்தவள் இடத்துக்கு என்னைக் கொடுக்க வேண்டுமாம். அப்பா தலையை ஆட்டிவிடுவார் போலிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, கூடத்துக்கே வந்துவிட்டேன்.

"அத்தான், அன்னைக்குச் செத்தது அநாதைன்னுதான எழுதிக் குடுத்திய? அப்ப எங்க அக்கா உயிரோட இருக்கா. அவளக் கூட்டிட்டு வாங்க. அவ சம்மதிச்சா எனக்குத் தாலி கட்டுங்க."

பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அவதான் பேதியில செத்துட்டால்லா!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

அவர் வாயாலேயே வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அறைந்தபடி வந்தாள். அக்காள் பேரைச் சொல்லி அவள் வைத்த ஒப்பாரிக்குத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். வெற்றிலைத் தட்டோடு வெளியே போக வழியில்லாமல், அவர் அழுகை முழுவதையும் நின்று கேட்டார்.