டிபரன்ஷலுக்குள் சனி பகவான்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பசுமாடு என்னை முந்திக்கொண்டு போனது. நான் நடந்து போகவில்லை. டபுள் கெப் வண்டி ஒன்றின் முன் சீட்டில், பெல்ட் எல்லாம் போட்டு, மிடுக்காக உட்கார்ந்திருந்தேன்.

மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு தன்பாட்டில் போய்விட்டது.

வண்டி என் மனைவியின் தம்பி குகனுடையது. விடியற்காலையில் செட்டிபாளையத்தில் புறப்பட்டு, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போவான். வயல் வட்டைகளுக்கு அப்பால் இருக்கும் மாட்டுப் பட்டிகளில் பால் எடுத்து, ஒன்பதரைக்குள் குளிரூட்டும் நிலையத்தில் இறக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் கெட்டுவிடும். கெட்ட பாலை நிலையம் எடுக்காது. அப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் பட்டிக்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அந்த வேறு ஆளும் தயாராக, மோட்டார் சைக்கிளில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு அதே பாதையில்தான் அலைகிறான். குகனுக்கோ இதைவிட்டால் வேறு பிழைப்புக் கிடையாது.

போன மாரியில் வண்டி அடிக்கடி சேற்றில் புதைந்தது. குகன் யோசித்தான். பெரிய டயர் போட்டான். கொஞ்சம் பெரிதல்ல... முப்பத்தைந்து அங்குலம்! என் இடுப்பளவுக்கு வரும். வண்டியில் ஏற எனக்கு ஒரு கதிரை தேவைப்பட்டது. ஊர்ப் பையன்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஃபேஸ்புக்கில் இதயம் இதயமாக விழுந்தது.

வண்டி புதைவது நின்றது, உண்மைதான். கூடவே ஓடுவதும் நின்றுவிட்டது. அப்பனின் செருப்பைப் போட்டுக்கொண்ட சின்னப் பிள்ளை எப்படி நடக்கும்? அப்படித்தான் நடந்தது வண்டி.

ஏறாவூரில் கராஜ் வைத்திருக்கும் ஹனீபா நானாவிடம் போனான். அவர் வண்டிக்குக் கீழே படுத்தபடியே விளக்கினாராம். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். ஆனால் அதைச் சுற்றவைக்கும் எஞ்சின் பழைய எஞ்சின்தானே? நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பாலம் ஏறுகிறவனின் கதி அதற்கு. ஆகவே அச்சுக்கு நடுவே இருக்கும் அந்த உருண்டைக்குள், டிபரன்ஷலுக்குள், கியரை மாற்ற வேண்டும்.

உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம். இப்போது சின்னதில் ஒன்பது பல், பெரியதில் முப்பத்தேழு. அதாவது எஞ்சினிலிருந்து வரும் தண்டு நாலு சொச்சம் தடவை சுற்றினால் டயர் ஒரு தடவை சுற்றும். இந்த ராட்சத டயருக்கு அந்த நாலு சொச்சம் கிட்டத்தட்ட ஐந்தாக வேண்டும். அதற்குப் பெரியதில் முப்பத்தொன்பது பல், சின்னதில் எட்டுப் பல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரே கணக்கு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

குகனுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான். எட்டு!

எட்டு என்றால் யாருடைய எண்? நம்மூரில் கேட்கவே வேண்டாம், சனி பகவானுடையது. வாகன நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கிறவர்கள் நாம். ஆனால் டிபரன்ஷலைத் திறந்து பல்லை எண்ணிச் சனி தோஷம் பார்த்த முதல் மனிதன் என் மைத்துனன்தான். பெருமையாக இருக்காதா?

கடையில் இன்னொரு சோடியும் இருந்தது. பெரியதில் நாற்பத்தொன்று, சின்னதில் ஒன்பது. குகன் உடனே எனக்குப் போன் எடுத்தான், அத்தான் படித்தவர், பத்திரிகையில் பத்தியெல்லாம் எழுதுகிறவர் என்று.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எண் சாத்திரத்தை இதே பத்தியில் இரண்டு தடவை கிழி கிழியென்று கிழித்திருக்கிறேன். பாராட்டிக் கடிதமும் போட்டீர்கள். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவாளன் அன்று போனில் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒம்பது இரிக்கக்குள்ள எட்ட என்னத்துக்கு வீணா?"

ஆம். நான்தான் சொன்னேன்.

ஒன்பதுக்கு நாற்பத்தொன்று என்றால் நாலரைக்குச் சற்று மேல்தான் வரும், வெறும் வண்டிக்குப் போதும், பாலை ஏற்றிக்கொண்டு சேற்றில் இழுக்காது என்று ஹனீபா நானா எச்சரித்தார். சீனியைக் குறையுங்கள் என்று டொக்டர் சொல்லும்போது எப்படித் தலையாட்டுவோமோ, அப்படி மரியாதையாகத் தலையாட்டினான் குகன். ஒன்பதையே பூட்டினார்கள்.

அந்த வெற்றியை நேரில் பார்த்து உங்களுக்கு எழுதலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். பட்டிகளில் பாலை ஏற்றினோம். பெரும்பங்கு யோகமக்காவின் பால். இருபது மாடுகளைத் தனியாக வைத்துப் பராமரிக்கும் பெண். திரும்பும் வழியில் சேற்றுப் பாதை வந்தது. வழக்கமான கியரில் வண்டி இரண்டு தடவை உதறிவிட்டு நின்றது. கிளச் கருகும் நாற்றம் மூக்கில் அடித்தது. வேறு வழியில்லாமல் 'லோ' கியரைப் போட்டான். இழுத்தது. அபார பலம்! வேகம்தான்... முதல் வரியில் வந்த மாடு ஞாபகம் இருக்கிறதல்லவா?

வெயில் ஏறியது. குகன் கண்ணாடியில் பின்னால் இருந்த கேன்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். நான் பக்கத்தில் இருந்து வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் நடித்தேன். வெட்கமாக இருந்தது.

நிலையத்துக்குப் போகப் பதினொரு மணி. பாலைச் சோதித்த பெண் தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஒரு கேன் விடாமல் அத்தனையும் கெட்டிருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை என்று குகன் அப்போதுதான் எனக்குச் சொன்னான்.

நேரே யோகமக்காவிடம் திரும்பிப் போனோம். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறும் கேனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"இப்பிடிக் கொண்டு போய் ஊத்துறதெண்டா நான் கறக்கல்ல தம்பி, கண்டுக்கு விட்டிருவன். அதெண்டாலும் குடிச்சி வளரட்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பன். மறுகா மோட்டச்சைக்கிள்காரத் தம்பிக்குத்தான்."

குகன் சரி என்று தலையை மட்டும் அசைத்தான். வண்டியை ஏறாவூருக்குத் திருப்பினான்.

கராஜில் நான் மெல்ல வாயைத் திறந்தேன். எட்டும் இல்லாமல், ஒன்பதும் இல்லாமல், ஏழு பல்லில் ஏதாவது...? இருக்கிறது, ஆனால் அது வலு அதிகம், தார் ரோட்டில் கொஞ்சம் வேகமெடுத்தாலே எஞ்சின் கதறும் என்றார் ஹனீபா நானா. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எட்டுப் பல்லும் உள்ளுக்க, ஒயிலுக்குள்ள கிடக்கப் போகுது சேர். ஆரு பாக்கப் போறா?"

இவ்வளவு வருடம் புத்தகம் படித்து, பத்தி எழுதி, எனக்கு இது தோன்றவில்லை. சரி, இவ்வளவு சொன்ன பிறகு மறைப்பானேன்? என் மோட்டார் சைக்கிள் நம்பரின் கூட்டு ஐந்து. அந்த நம்பருக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு வாரம், மூடநம்பிக்கையைத் தாக்கி எழுதினேன்.

முன்னும் பின்னும் எட்டைப் பூட்டி வண்டி தயாரானது எந்தக் கிழமை தெரியுமா? சனிக்கிழமை! நாள் பார்க்க நேரம் இருக்கவில்லை. குகன் மட்டும் கோயிலுக்குப் போய் ஒரு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தான். எதற்கும் இருக்கட்டும் என்றான். நானும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். அதே சேறு, அதே சுமை. குகன் பல்லைக் கடித்துக்கொண்டு வழக்கமான இரண்டாம் கியரில் விட்டான். வண்டி ஒரு முனகல் இல்லாமல் போனது. வழியில் அதே மாட்டைக் கண்டோம் என்று எழுத ஆசைதான், காணவில்லை. ஒன்பது மணிக்குப் பால் நிலையத்தில் இறங்கியது. சோதித்த பெண் இந்த முறை ஆம் என்று தலையை ஆட்டினாள். குகன் வெளியே வந்து அந்தப் பெரிய டயரில் சாய்ந்து நின்று, முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான்.

செய்தியைச் சொல்ல யோகமக்காவின் பட்டிக்குப் போனோம். இடையில் வந்து எடுத்த மோட்டார் சைக்கிள்காரனின் இரண்டு கேனில் அடங்காத பால் முழுவதையும் நாலு நாளாகக் கன்றுகள்தான் குடித்திருக்கின்றன. அதில் ஒரு செவலைக் கன்றுக்குக் கன்னம்கூட வைத்திருந்தது. அன்று காலையில்தான் அதைத் தாயிடமிருந்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

எட்டு வந்தால் சனி பிடிக்கும் என்பது முழுப் பொய்யல்ல. அந்தக் கன்றுக்குப் பிடித்துவிட்டது.