கோயிலுக்குப் போகிற வழியில் பிளாக்ஜாக்

பிளாக்ஜாக் கற்றுக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. சீட்டாடியதற்காக இல்லை. ஆடிய நாளுக்காக.

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் இருந்தோம். ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் என் மாமனாருக்குத் திங்கட்கிழமை காலை இதய ஆபரேஷன். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமையே பெருமாள் கோயிலில் அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட வேண்டும் என்றாள் மனைவி. குழந்தைக்குக் காய்ச்சல், அவளால் வர முடியாது. எங்களிடம் கார் கிடையாது. அதே கட்டிடத்தில் குடியிருந்த ஆபீஸ் நண்பன், தானும் கோயிலுக்குத்தான் போவதாகச் சொன்னான். மனைவி தன் அப்பாவின் பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அவளே என் சட்டைப் பையில் வைத்தாள்.

காரை எடுத்ததும் நண்பன் ஆரம்பித்தான். “கோயில் எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும்டா. இப்பவே போய் என்ன பண்ணப் போற? அட்லாண்டிக் சிட்டி காசினோவ ஒரு எட்டு பாத்துட்டு, திரும்பி வர்றப்ப கோயிலுக்கு போயிடலாம். வீட்ல கேட்டா செம கூட்டம்னு சொல்லிக்கோ.”

அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். “சரி, ஆனா அர்ச்சனைய மட்டும் மிஸ் பண்ணிடக் கூடாது” என்றேன், ஏதோ பெரிய நிபந்தனை போட்டுவிட்டவன் மாதிரி.

ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த ஓர் அட்டவணையை என் மடியில் போட்டான். சீட்டுப் போடும் டீலரிடம் என்ன சீட்டு, நம் சீட்டுகளின் கூட்டு எத்தனை, இன்னொரு சீட்டு கேட்பதா வேண்டாமா, எல்லாம் அதில் இருந்தது. இருபத்தொன்றைத் தாண்டினால் அவ்வளவுதான். நுழைவுத் தேர்வுக்கு உருப்போட்டே வளர்ந்தவன் நான். போய்ச் சேர்வதற்குள் மனப்பாடம்.

உள்ளே கால் வைத்ததும் கம்பளத்தில் ஊறிக்கிடந்த சிகரெட் நாற்றம் குமட்டியது. ஒரு மேஜையில் உட்கார்ந்து, டீலர் பெண்ணிடம் பணத்தை வலது கையால் நீட்டினேன். அவள் வாங்கவே இல்லை. கையில் வாங்கக் கூடாதாம், மேஜையில் போடு என்று விரலால் தட்டிக் காட்டினாள். லட்சுமியை இப்படியா எறிவது என்று மனசு குறுகுறுத்தது. சூதாட வந்த இடத்தில் சாஸ்திரம் வேறு பார்த்திருக்கிறேன், கருமம். சீட்டைக் கையில் எடுத்தேன், தொடாதே என்றாள். போதும் என்று தலையை ஆட்டினேன், அதுவும் செல்லாது, மேலே காமிராவுக்குத் தெரிகிற மாதிரி கையை வீசிக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருந்த கிழவரின் சிகரெட் சாம்பல் அவர் வயிற்றிலேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

எனக்குப் பதினாறு வந்தது. டீலரிடம் பத்து. அட்டவணைப்படி கேட்டேன். ஐந்து விழுந்தது. இருபத்தொன்று. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. என் குழந்தை பிறந்தபோதுகூட அப்படிக் குதித்ததில்லை.

நாலு மணிக்கு நண்பனே வந்து தோளைத் தட்டினான். “கிளம்பலாமா? உனக்கு அர்ச்சனை இருக்குல்ல?” “ரெண்டே ரெண்டு ஆட்டம்டா” என்றேன். ஐந்து மணிக்கும் வந்தான். அப்போதும் அதையே சொன்னேன். அவனைத் திட்டி நான் தப்பிக்க முடியாது. நான் எழுந்தபோது மணி ஆறரை, கையில் எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டு மணி நேரம் ஓட்டிக் கோயில் வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தி, விளக்கு அணைத்திருந்தார்கள். நான் இறங்கிப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன். காருக்குத் திரும்பியதும் நண்பன் முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான்.

“விடுடா. போன வாரத்து குங்குமம். அதே பெருமாள்தான?”

வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். “அர்ச்சனை ஆச்சுங்களா?”

“ஆச்சு. ஒரே கூட்டம்.”

நான் நீட்டிய குங்குமத்தைக் குழந்தையின் நெற்றியில் வைத்து, தானும் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கே திங்கட்கிழமை விடிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். “அப்பா உங்ககிட்ட பேசணுமாம்.”

“மாப்ளைங்களா? ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்க. அர்ச்சனை ஆச்சுன்னு எம்பட பாப்பா இப்ப போன்ல சொன்னங்காட்டி பயம் போயிருச்சு. இனி தைரியமா உள்ள போவனுங்க.”

“நல்லபடியா வந்துருவீங்க மாமா” என்றேன். நாக்குக் கூசவில்லை.

அவர் பிழைத்து வந்தார். பன்னிரண்டு வருஷம் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, “மாப்ள பண்ணுன அர்ச்சனையிலதான் நான் இன்னைக்கு உக்காந்து பேசிட்டிருக்கேன்” என்பார். மனைவி பெருமையோடு என்னைப் பார்ப்பாள். அவர் காலத்துக்குப் பிறகாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அவர் போன அன்று, வந்தவர்களிடம் அவளும் அதையேதான் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.